வேலை போன பிறகு சொந்தத் தொழில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய நிறுவனத்தில் பல வருடம் இருந்து, ஆட்குறைப்பில் வெளியே வந்தவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. வியாபாரக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். மாதச் சம்பளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்தவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

வேலை போய் ஒரு வாரம்தான் ஆகிறது. உடனே தொழிலில் இறங்கலாமா?

வேண்டாம். முதலில் பழைய வேலையின் கணக்கை ஒழுங்காக முடித்துக்கொண்டு வாருங்கள். கடைசிச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான தொகை, போனஸில் உங்கள் பங்கு, பணிநீக்க இழப்பீடு, ஓய்வூதியக் கணக்கில் உள்ள பணம் எல்லாம் சரியாக வந்ததா என்று பாருங்கள். மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியோடு நிற்கிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பங்கு ஆப்ஷன் (நிறுவனத்தின் பங்கை முன்பே குறித்த விலையில் வாங்கும் உரிமை) கொடுத்திருந்தால் அதற்கும் கெடு உண்டு. வேலையை விட்டு 90 நாளுக்குள் பணம் கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் போய்விடும் என்பது பல நிறுவனங்களில் உள்ள வழக்கம்.

இழப்பீட்டோடு கையெழுத்துக்கு ஒரு ஒப்பந்தமும் வரும். அதை அன்றைக்கே போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். நிறுவனத்தின் மேல் வழக்குப் போட மாட்டேன், போட்டித் தொழில் செய்ய மாட்டேன், இங்கிருக்கும் ஆட்களை என்னோடு அழைத்துக்கொள்ள மாட்டேன் என்றெல்லாம் அதில் இருக்கலாம். தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். இன்னொன்று: கூடுதல் பணம் தர மறுக்கிற நிறுவனம்கூட, போட்டித் தடையைத் தளர்த்தச் சொன்னால் சம்மதிப்பதுண்டு, அதற்குச் செலவு எதுவும் இல்லையே. கேட்க வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்னால்.

அப்புறம், கோபம். "நான் யார் என்று காட்டுகிறேன்" என்று தொடங்குகிற தொழிலில் ஆபீஸ் இடம், போர்டு, விசிட்டிங் கார்டு எல்லாம் முதல் மாதமே வந்துவிடும். வாடிக்கையாளர் மட்டும் வந்திருக்க மாட்டார்.

வேலையை இழந்து, பிறகு தொழிலில் பெரிய ஆளானவர்கள் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். புளூம்பெர்க் என்ற நிதித் தகவல் நிறுவனத்தைத் தொடங்கிய மைக்கேல் புளூம்பெர்க், 1981இல் சாலமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். பெர்னி மார்கஸும் ஆர்தர் பிளாங்கும் 1978இல் ஹேண்டி டேன் என்ற வீட்டுப் பழுதுபார்ப்புச் சாமான் கடைத் தொடரிலிருந்து நீக்கப்பட்டு, அடுத்த ஆண்டே அட்லாண்டாவில் ஹோம் டிப்போவின் முதல் கடைகளைத் திறந்தார்கள். இந்தக் கதைகளை ஊக்கப் பேச்சாளர்கள் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். மீதிப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது.

புளூம்பெர்க் வெளியே வரும்போது அவர் கையில் சுமார் 1 கோடி டாலர் இருந்தது. அதைவிட முக்கியம், கடன் பத்திரம் வாங்கி விற்பவர்களுக்கு மேசையில் என்ன தகவல் கிடைப்பதில்லை என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். அந்தத் தகவலைத் தரும் கருவியைத்தான் செய்தார். மெரில் லிஞ்ச் என்ற பெரிய நிதி நிறுவனம் முதல் பெரிய வாடிக்கையாளர் ஆனது. ஹோம் டிப்போக்காரர்கள் வீட்டுப் பழுதுபார்ப்புச் சாமான் கடையிலிருந்து வந்து அதே சாமானைத்தான் விற்றார்கள், கிடங்கு மாதிரிப் பெரிய கடையில், குறைந்த விலையில். பணம் திரட்ட கென் லாங்கோன் என்ற முதலீட்டு வங்கியாளர் கூடவே இருந்தார்.

மூவரும் தங்களுக்கு அத்துப்படியான துறையை விட்டு நகரவில்லை. வாங்குபவர் யார், அவருக்கு என்ன குறை, அவர் எவ்வளவு கொடுப்பார் என்பது முதல் நாளே அவர்களுக்குத் தெரியும். நீங்கள் அவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதும் இதைத்தான். தைரியத்தை யாரும் அளக்க முடியாது, இதை அளக்கலாம்.

என்ன தொழில் செய்வதென்றே தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பலர் "எனக்கு என்ன பிடிக்கும்?" என்று தொடங்குவார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய வேறு கேள்வி இருக்கிறது: பழைய வேலையில் நீங்கள் சாதித்ததில் உங்களுடையது எவ்வளவு, நிறுவனத்தினுடையது எவ்வளவு?

உதாரணமாக, ஒரு விற்பனை மேலாளர். வருடா வருடம் இலக்கைத் தாண்டியவர். ஆனால் அவர் போன் செய்தால் எதிர்ப்பக்கம் எடுத்தது நிறுவனத்தின் பெயருக்காக. விலைப் பட்டியலை வேறொரு பிரிவு போட்டது. சரக்கு தாமதமானால் சமாளிக்க ஒரு குழு, பணம் வசூலிக்க ஒரு குழு, ஒப்பந்தத்தைப் படிக்க வக்கீல்கள். இவற்றையெல்லாம் கழித்தால் மிச்சம் என்ன? நிறைய மிஞ்சும், ஆனால் நினைத்தது மிஞ்சாது. "எனக்கு விற்கத் தெரியும்" என்பதைவிட, "ஆஸ்பத்திரிகளில் உபகரணம் வாங்கும் பிரிவு எப்படி முடிவெடுக்கிறது என்று எனக்குத் தெரியும்" என்பது அவர் உண்மையில் கையோடு கொண்டுவந்த சொத்தாக இருக்கலாம். அதைச் சிறிய உபகரணத் தயாரிப்பாளர்கள் காசு கொடுத்து வாங்குவார்கள்.

ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதிப் பாருங்கள். உங்கள் பழைய நிறுவனம் எந்த வேலைகளை வெளியாட்களிடம் காசு கொடுத்துச் செய்யவைத்தது? எந்த வேலைக்குச் சரியான வெளியாள் கிடைக்காமல் திண்டாடியது? பக்கத்துத் துறையில் இருந்தவர்கள் நிறுவனத்துக்கு வெளியே எதற்காக உங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள்? மூன்றாவதற்கு எழுதுவதைக் கவனமாகப் பாருங்கள். உங்கள் பதவியை ஒதுக்கிவிட்டு உங்களையே தேடி வந்தவர்கள் அவர்கள்.

முன்பின் பழக்கமில்லாத துறையில் இறங்கவே கூடாது என்று சொல்லவில்லை. உணவகமோ தோட்டமோ வெகுநாள் ஆசை என்றால், முதலில் யாரிடமாவது சில மாதம் வேலைக்குச் சேருங்கள். சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றுக்கொள்ளலாம். சிலருக்கு அந்த ஆசை அதிலேயே தெளிந்துவிடும், அதுவும் லாபம்தான்.

எனக்கு வயது 47. தாமதமாகிவிட்டதா?

அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த புது நிறுவனங்களை ஆராய்ந்து 2018இல் வந்த ஓர் ஆய்வில், அவற்றைத் தொடங்கியவர்களின் சராசரி வயது, தொடங்கிய சமயத்தில், 45. அதே துறையில் முன் அனுபவம் இருந்தவர்களுக்கு வெற்றி வாய்ப்பு கூடுதலாக இருந்ததையும் அதே ஆய்வு காட்டியது. வயதால் வரும் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: வீட்டுச் செலவு உச்சத்தில் இருக்கும் வயது இது. அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

கையில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும்?

தொழிலுக்கு எவ்வளவு என்பதற்கு முன்னால் வீட்டுக்கு எவ்வளவு என்று பாருங்கள். குத்துமதிப்பு வேண்டாம், கடந்த 12 மாத வங்கிக் கணக்கை எடுத்து வைத்துக் கூட்டுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை வருகிற காப்பீடு, பள்ளிக் கட்டணம், வண்டி பழுது எல்லாம் அப்போதுதான் கணக்கில் வரும். இதுவரை நிறுவனம் கட்டிவந்த மருத்துவக் காப்பீட்டையும் அதில் சேருங்கள். வந்த தொகையை 12ஆல் வகுத்தால் உண்மையான மாதச் செலவு. சாதாரணமாக இது நாம் மனதில் வைத்திருப்பதைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

கையில் இருக்கும் பணத்தை அந்த எண்ணால் வகுத்தால் எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியும். இழப்பீட்டுத் தொகைக்கு வரி உண்டா என்று பார்த்து, இருந்தால் அதைக் கழித்துவிட்டு வகுங்கள். முதல் ஆறு மாதம் தொழிலிலிருந்து வீட்டுக்கு ஒரு காசும் வராது என்று வைத்துத் திட்டமிடுவது என் கணக்கு. ஆலோசனை, எழுத்து, வடிவமைப்பு போன்ற சேவைத் தொழிலில் முன்னதாகவே வரலாம். சரக்கு வைத்து விற்கும் தொழிலில் ஒரு வருடம்கூட ஆகலாம்.

வீட்டுப் பணமும் தொழில் பணமும் இரண்டு தனிக் கணக்குகளில் இருக்கட்டும். தொழில் கணக்கு காலியானால், வீட்டுக் கணக்கைத் தொடுவதற்கு முன்னால் வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். இந்த ஒரு விதியை மீறாமல் இருப்பது சொல்வதைவிடக் கஷ்டம்.

சில நாடுகளில் வேலையிழந்தோர் உதவித்தொகையையே தொழில் முதலாக மாற்றிக்கொள்ள வழி உண்டு. பிரான்சிலும் ஸ்பெயினிலும் மீதமுள்ள உதவித்தொகையை (பிரான்சில் அதில் ஒரு பகுதியை) மாதாமாதம் வாங்காமல் மொத்தமாக வாங்க விண்ணப்பிக்கலாம். ஜெர்மனியில் தொழில் தொடங்குபவருக்கு முதல் மாதங்களில் ஒரு மானியம் உண்டு. நீங்கள் இருக்கும் இடத்தில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று தொழிலைப் பதிவு செய்வதற்கு முன்பே விசாரியுங்கள். பதிவு செய்த பிறகு விண்ணப்பித்தால் தகுதி போய்விடும் என்கிற மாதிரி நிபந்தனைகள் இவற்றில் இருக்கும்.

பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களிடம் போகலாமா?

கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும் நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டமும் சேர்ந்துதான் இதற்குப் பதில் சொல்லும். வேலையை விட்ட பிறகும் போட்டியிடக் கூடாது என்ற நிபந்தனை கலிபோர்னியாவில் பெரும்பாலும் செல்லாது. இந்தியாவிலும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அதே பக்கம்தான் நிற்கிறது. வேறு பல இடங்களில், நியாயமான கால அளவும் எல்லையும் இருந்தால் செல்லும்.

ஆனால் போட்டித் தடை செல்லாத இடத்திலும் வணிக ரகசியம் என்பது தனி. வாடிக்கையாளர் பட்டியல், விலைக் கணக்கு, வடிவமைப்புக் கோப்பு எதையும் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டு வராதீர்கள். வழக்கு என்று வந்தால் முதலில் தோண்டுவது அந்தக் கடைசி வார மின்னஞ்சல்களைத்தான். தலைக்குள் இருக்கும் அனுபவத்தை யாரும் திருப்பிக் கேட்க முடியாது.

பழைய நிறுவனமே உங்கள் முதல் வாடிக்கையாளர் ஆவதும் நடக்கிற கதைதான். ஆளைக் குறைத்துவிட்டார்கள், வேலையைக் குறைக்கவில்லை. சில மாதத்தில் யாராவது ஒருவர் கூப்பிடுவார். கூப்பிட்டால் பழைய சம்பளத்தை நாள் கணக்கில் வகுத்துச் சொல்லிவிடாதீர்கள். ஏன் என்பது கீழே, விலை பற்றிய கேள்வியில்.

முதல் வாடிக்கையாளரை எப்படிப் பிடிப்பது?

தெரிந்தவர்கள் மூலமாக. வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் வேலையை நேரில் பார்த்த ஒரு இருபது முப்பது பேர் பட்டியல் போடுங்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். "ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டால் யாருக்கும் எதுவும் ஞாபகம் வராது. "சின்னத் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு இருப்புக் கணக்கைச் சரிசெய்து தருகிறேன், வருடக் கடைசியில் கணக்கு இடிக்கிற ஆள் யாராவது தெரியுமா?" என்று கேட்டால் ஒரு முகம் ஞாபகம் வரும்.

பாராட்டையும் ஆர்டரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். "அருமையான யோசனை, நீங்கள் தொடங்குங்கள், நான் முதல் ஆள்" என்று சொல்பவரிடம், "சரி, அடுத்த மாதம் முதல் வாரம் தொடங்கலாம், மூன்றில் ஒரு பங்கு அட்வான்ஸ்" என்று சொல்லிப் பாருங்கள். அங்கே வரும் மௌனம்தான் சந்தை ஆராய்ச்சி. உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் முழு விலை கொடுத்து வாங்கும்வரை இடம் வாடகைக்கு எடுப்பது, ஆள் சேர்ப்பது, சரக்கு மொத்தமாக வாங்குவது எதுவும் வேண்டாம்.

எவ்வளவு விலை வைப்பது?

சம்பளத்திலிருந்து வருபவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் இது. கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

வருடத்தில் வார நாட்கள் 260. நீங்கள் ஒரு வருடத்துக்கு 260 ரூபாய் சம்பளம் வாங்கினீர்கள் என்று வையுங்கள், ரூபாயோ டாலரோ கணக்கு ஒன்றுதான். ஒரு நாளைக்கு 1 ரூபாய். இப்போது தனியாக வேலை செய்கிறீர்கள். விடுமுறை, பண்டிகை, காய்ச்சல் என்று 30 நாள் போகும். மிச்சம் 230. அதில் வாடிக்கையாளர் தேடுவது, விலைப்புள்ளி எழுதுவது, கணக்கு, வரி, வசூலுக்கு அலைவது என்று கிட்டத்தட்ட பாதி போய்விடும். காசாகும் நாட்கள் 115 முதல் 130 வரை இருந்தாலே நல்ல வருடம். ஆக, பழைய சம்பளத்தைத் தொடவே ஒரு நாளைக்குக் குறைந்தது 2 ரூபாய் வேண்டும். நிறுவனம் கட்டிவந்த காப்பீடு, ஓய்வூதியப் பங்கு, கணினி, மென்பொருள் எல்லாம் இனி உங்கள் பையிலிருந்து, 2.5 ஆகிறது. இதில் இன்னும் லாபம் என்று எதுவும் சேரவில்லை.

இந்த எண்ணைப் பார்த்து, "இவ்வளவு யார் கொடுப்பார்கள்?" என்று தோன்றும். ஆனால் எதிரே இருப்பவர் ஒரு முழுநேர ஆளை எடுத்தால் வரும் செலவோடும், அந்த வேலை நடக்காமல் கிடப்பதால் வரும் நஷ்டத்தோடும்தான் ஒப்பிடுவார். உங்கள் பழைய சம்பளச் சீட்டு அவருக்குத் தெரியாது. வேலையின் எல்லை தெளிவாக இருந்தால் நாள் கணக்கை விட்டு மொத்த விலை சொல்லுங்கள், வேகமாக முடித்தால் உங்களுக்கு லாபம். எல்லை தெளிவில்லாத வேலைக்கு மொத்த விலை சொல்வது தற்கொலை.

முதல் வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி தரலாமா என்றால், தரலாம். அதை இன்வாய்ஸில் தனி வரியாகக் காட்டுங்கள். முழு விலையை மேலே போட்டு, "முதல் முறைத் தள்ளுபடி" என்று கழித்துக் காட்டினால் அடுத்த தடவை முழு விலை கேட்க வாய் வரும்.

நிறுவனப் பதிவு, லோகோ, இணையதளம்?

இணையதளம் ஒரு பக்கம் போதும். லோகோ பிறகு பார்த்துக்கொள்ளலாம். பதிவில் முக்கியமாக மூன்று வகை, பெரும்பாலான நாடுகளில்: தனிநபர் தொழில், கூட்டுத் தொழில், வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம். முதலாவது எளிது, செலவு குறைவு, ஆனால் தொழில் பட்ட கடனுக்கு உங்கள் வீடும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மூன்றாவதில் நிறுவனம் தனி ஆள், கடன் அதோடு நிற்கும். ஒரு எச்சரிக்கை: வங்கி கடன் கொடுக்கும்போது உங்கள் தனிப்பட்ட உத்தரவாதக் கையெழுத்தையும் கேட்டால் அந்தத் தடுப்புச் சுவர் அங்கேயே இடிந்துவிடும்.

என்னோடு வேலையிழந்த நண்பரும் நானும் சேர்ந்து தொடங்கலாமா?

ஒரே பிரிவில் ஒரே வேலை செய்தவர்கள் என்றால் யோசியுங்கள். இருவருக்கும் தெரிந்தது ஒன்றுதான், தெரியாததும் ஒன்றுதான். ஒருவர் செய்பவர், இன்னொருவர் விற்பவர் என்றால் பொருந்தும்.

பங்கைப் பாதிப் பாதியாக எழுதி முடித்துவிடாதீர்கள். ஆறு மாதத்தில் ஒருவருக்கு நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டால், உழைக்காத பாதி அவரிடமே தங்கிவிடும். புது நிறுவனங்களில் வழக்கமான ஏற்பாடு, பங்கு நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உரிமையாவது; முதல் வருடம் முடிவதற்குள் போனால் ஒன்றும் கிடையாது. யார் எவ்வளவு பணம் போட்டது, யார் மாதம் எவ்வளவு எடுப்பது, பிரிந்தால் வாடிக்கையாளர் யாருக்கு, இவை எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். நட்பு நன்றாக இருக்கும்போதுதான் இதை எழுத முடியும்.

ஓய்வூதியப் பணத்தை எடுத்துப் போடலாமா? கடன் வாங்கலாமா?

ஓய்வூதியப் பணத்தைக் கடைசிவரை தொடாதீர்கள். பல நாடுகளில் முன்கூட்டி எடுத்தால் வரியோ அபராதமோ உண்டு; தொழிலுக்குக் கடன் கொடுத்தவர்கள் கையில் சிக்காமல் அந்தப் பணத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் பல இடங்களில் உண்டு. எடுத்துத் தொழிலில் போட்ட நிமிடமே அந்தப் பாதுகாப்பு போகும்.

கடனைப் பொறுத்தவரை, கையில் இருக்கும் ஆர்டரை முடித்துக் கொடுக்க வாங்கும் கடன் வேறு, ஆர்டர் வரும் என்ற நம்பிக்கையில் வாங்கும் கடன் வேறு. முதலாவதைத் தைரியமாக வாங்கலாம். சம்பளம் நின்றுபோனவருக்கு வங்கிகள் கடன் தரத் தயங்கும் என்பதும் உண்மை. இரண்டு வருடக் கணக்காவது காட்டச் சொல்வார்கள்.

லாபம் என்று கணக்கு சொல்கிறது, கையில் காசு இல்லை. எங்கே தப்பு?

தப்பு எங்கேயும் இல்லாமலும் இப்படி ஆகும். 100க்கு ஒரு ஆர்டர். சரக்குக்கும் கூலிக்கும் 70ஐ இன்றே கொடுக்கிறீர்கள். வாடிக்கையாளர் 60 நாள் கழித்துத் தருவார். அடுத்த மாதம் இன்னொரு ஆர்டர், இன்னொரு 70. முதல் 100 கைக்கு வருவதற்குள் 140 போய்விட்டது. மூன்றாம் மாதம் ஆர்டர் இரட்டிப்பானால் அந்த 100 வந்த கையோடு 140 போகும். தாளில் லாபம் ஏறுகிறது, கணக்கில் பணம் இறங்குகிறது. வளர வளர இது மோசமாகும், நன்றாக ஓடிய தொழில்கள் மூடுவது இப்படித்தான்.

அட்வான்ஸ் கேளுங்கள். பெரிய வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பில் போடுங்கள். வேலை முடிந்த அன்றே இன்வாய்ஸ் அனுப்புங்கள், மாதக் கடைசி என்று காத்திருக்க வேண்டாம். பெரிய நிறுவனங்களில் பணம் தாமதமாவதற்கு, அவர்களுடைய கொள்முதல் ஆணை எண் உங்கள் இன்வாய்ஸில் இல்லை என்பது போன்ற அற்பக் காரணம் இருக்கும். உள்ளே இருந்து பார்த்தவர் நீங்கள். கணக்குப் பிரிவில் யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர். மேலாளருக்கு மன்றாடி எழுதுவதைவிட அந்தக் கிளார்க்குக்கு ஒரு போன் போதும். வாடிக்கையாளரிடம் வாங்கிய வரியையும் தனியாக எடுத்து வையுங்கள், அது உங்கள் பணம் கிடையாது.

வீட்டில் எப்படிச் சொல்வது?

எண்ணோடு சொல்லுங்கள். "நம்பு, பார்த்துக்கொள்ளலாம்" என்பதைவிட, "இத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது, இந்தத் தேதிக்குள் இவ்வளவு வரவில்லை என்றால் வேலை தேடுவேன்" என்றால் எதிரே இருப்பவர் தூங்க முடியும். அந்தத் தேதியும் தொகையும் தொழில் தொடங்கும் முன்பே எழுதி வைக்கப்பட வேண்டும். உள்ளே இறங்கிய பிறகு யாராலும் நிதானமாக எழுத முடியாது, இன்னும் இரண்டு மாதம் என்றுதான் எப்போதும் தோன்றும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி, புதிய தொழில்களில் சுமார் ஐந்தில் ஒன்று முதல் வருடத்திலேயே மூடப்படுகிறது. ஐந்து வருடம் தாண்டுவது ஏறக்குறைய பாதி. நிறுத்துவதும் நடக்கக்கூடிய ஒன்று என்று திட்டத்திலேயே இடம் ஒதுக்குங்கள்.

சரிப்படாமல் மறுபடி வேலைக்குப் போனால், அந்த இடைவெளியை எப்படிக் காட்டுவது?

இடைவெளி என்று காட்டாதீர்கள், அது வேலைதான். தொழிலின் பெயர், எந்த மாதிரி வாடிக்கையாளர்கள், என்ன செய்து கொடுத்தீர்கள், எவ்வளவு விற்பனை என்று மற்ற வேலைகளைப் போலவே எழுதுங்கள். சொந்தக் காசில் விலை வைத்து, வசூலித்துப் பார்த்த ஆளைத் தேடும் மேலாளர்கள் உண்டு. சிலருக்கு "இவர் மறுபடி கிளம்பிவிடுவாரோ" என்ற பயம் வரும், அதை அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே பேசிவிடலாம். வேலையோடு சேர்த்து அந்தத் தொழிலையும் தொடர நினைத்தால் புது முதலாளியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

தொடரவில்லை என்றால் பதிவை முறையாக மூடுங்கள். வரிக் கணக்கின் கடைசித் தாக்கல், வங்கிக் கணக்கு, வரவேண்டிய நிலுவை, மாதாமாதம் காசு பிடிக்கும் மென்பொருள் சந்தாக்கள் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். வியாபாரமே நடக்காத நிறுவனமும் பல நாடுகளில் வருடக் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும், தவறினால் அபராதம் உண்டு.